சூரிய வெளிச்சமே சத்துருவாகும் பிள்ளைகள்



சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போனவர்கள் மரக்காணத்தைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. சாலையோரத்தில் உப்பளப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கும். அங்கங்கே உப்பு அம்பாரங்கள் மேலே கீற்றோ தார்ப்பாயோ போர்த்தியபடி நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கும் வேலை, அடுத்த மழை வரும்வரை நடக்கிறது. வெயில் ஏறுமுன் கொஞ்சம் முடித்துவிடலாம் என்று ஆண்களும் பெண்களும் விடியுமுன்னே அளத்தில் இறங்குகிறார்கள். ஆனாலும் உப்பை விளைவிப்பது வெயில்தானே! வெயிலுக்கு ஒளிந்துகொண்டு அந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

பத்து மணிக்கு மேல் அந்தப் பாத்திகளைக் கண் கூசாமல் பார்க்க எவராலும் ஆகாது. மேலேயிருந்து அடிக்கிற வெயில் வெள்ளை உப்பின்மேல் பட்டுக் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கிறது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிரின் வலிமையை அளக்க உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதில் 11-ஐத் தொட்டால் மிகக் கடுமை என்று பொருள். நமது கடற்கரையில் ஆண்டின் பல மாதங்களில் நண்பகலில் அது 11-ஐத் தாண்டிவிடுகிறது. அப்படியிருந்தும், நாற்பது வருஷம் உப்பு வாரிய ஒரு பாட்டியம்மாளின் தோல் கறுத்துச் சுருங்கியிருக்குமே தவிர, அதில் புற்றுநோய் வந்திருப்பது மிக அபூர்வம். நம்முடைய கறுப்பு நிறம் பாதுகாக்கிறது என்பது உண்மை. ஆனால் அது மாத்திரமல்ல. அந்த அம்மாளின் தோலுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஒரு பழுதுபார்க்கும் வேலை இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறது.

அந்த வேலை நடைபெறாத பிள்ளைகள் சிலர் பிறக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த இதழில் எழுதுகிறோம். வியாதியின் பெயர் ஜீரோடெர்மா பிக்மென்டோசம். மருத்துவர்கள் சுருக்கமாக எக்ஸ்.பி. என்பார்கள். உலர்ந்து நிறம் மாறிய தோல் என்பதே அந்தப் பெயரின் பொருள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஜப்பானில் 22,000 பேரில் ஒருவருக்கு. நமது நாட்டிலும் பல ஊர்களின் மருத்துவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டு மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இருந்ததாகவும், பெற்றோர் சொந்தத்தில் மணம் செய்தவர்கள் என்றும் அவற்றில் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம்.

இவ்வளவு அரிய வியாதியைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாயோ, ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியையோ அதன் முதல் அடையாளத்தை அறிந்திருந்தால், ஒரு பிள்ளையின் முகமும் கண்களும் உயிரும் காக்கப்படக்கூடும். அறியாமல் கடந்துபோகும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் தோலில் அழிக்கமுடியாத ஒரு கணக்கை ஏற்றிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கு என்னவென்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் அடையாளங்கள்

பிறக்கும்போது பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே இருக்கும். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு, முதன்முதல் வெயிலில் கொண்டுபோனவுடனே தோல் நெருப்புச் சுட்டதுபோல் சிவந்து கொப்பளிக்கும்; ஆற நாட்கள் பல ஆகும். இவர்களைப் பெற்றோர் சீக்கிரமே மருத்துவமனைக்குக் கொண்டுவருகிறார்கள். மற்றப் பாதிப் பேருக்கு அப்படிச் சுடுவதே இல்லை. ஆகையால் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம் என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டு வயதுக்குள்ளாகவே மூக்கிலும் கன்னத்திலும் கைகளின் புறத்திலும் கரும்புள்ளிகள் மிளகு தூவினாற்போல் தோன்றும். இடையிடையே வெள்ளைப் புள்ளிகளும் வரும். சட்டை மூடியிருக்கிற வயிறும் தொடையும் சுத்தமாக இருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். வெயில் பட்ட இடம் ஒரு மாதிரி, படாத இடம் ஒரு மாதிரி.

பிள்ளை வெளிச்சத்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்ளும். கண்ணில் நீர் வடியும். பிடிவாதக் குழந்தை என்று வீட்டார் நினைப்பார்கள். தேமல் என்பார்கள், மருந்துக்கடைக் களிம்பைத் தடவுவார்கள். சிலர் தொழுநோயோ என்று பயந்து பிள்ளையை மறைத்து வைப்பார்கள். இது தொற்றுகிற வியாதியே அல்ல. கண்டுகொள்ளாமல் விட்டால், பள்ளிக்கூட வயதிலேயே மூக்கிலோ உதட்டிலோ இமையிலோ ஒரு சிறு முடிச்சு எழும்பும். ஆறாத புண்ணாகும். அது புற்றுநோய். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கு நரம்பு மண்டலமும் மெதுவாகப் பாதிக்கப்படுகிறது. காது மந்தமாகும், நடை தள்ளாடும்.

செய்தித்தாளில் வாசித்த ஒரு விஷயம்

வியன்னா நகரத்துத் தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி 1870-களிலேயே இந்த வியாதியை வர்ணித்து எழுதினார். 1882-ல் இன்றைய பெயரும் வந்தது. அதன்பின் பல தலைமுறைகள் மருத்துவர்கள் அதைப் பார்த்தார்கள், பெயரைச் சொன்னார்கள், காரணம் மட்டும் எவருக்கும் புரியவில்லை. 1960-களில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிளீவர் என்ற ஆராய்ச்சியாளர், செல்கள் தங்கள் பழுதை எப்படிச் சரிசெய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒருநாள் செய்தித்தாளில் இந்த வியாதியைப் பற்றி வாசித்தார். வெயிலால் புற்றுநோய் வருகிறது என்றால், இந்த நோயாளிகளின் செல்களில் பழுதுபார்க்கும் வேலைதான் நின்றுபோயிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நோயாளிகளின் தோல் செல்களை வாங்கிச் சோதித்தார். நினைத்தது சரியாயிருந்தது. 1968-ல் அதை வெளியிட்டார். பழுதுபார்க்கும் வேலை தவறினால் புற்றுநோய் வரும் என்று மனிதரில் காட்டிய முதல் சான்று அதுவே. ஒரு செய்தித்தாள் பக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்!

இப்போது அந்தப் பழுது என்னவென்று பார்ப்போம். நம் சரீரத்தின் ஒவ்வொரு செல்லிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட நிருபம் ஒன்று இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. முறுக்கிய நூலேணியைப் போல இரண்டு இழைகள் கொண்டது. வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்லுக்குள் நுழைந்தால், அந்த நிருபத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு டி-க்களையோ, இரண்டு சி-க்களையோ, ஒரு டி-யையும் ஒரு சி-யையுமோ ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. ஒரு நாள் வெயிலில் ஒரே செல்லுக்குள் இப்படிப் பல ஆயிரம் இடங்கள் ஒட்டிப்போகலாம். உப்பளத்தில் நிற்கிற பாட்டியம்மாளுக்கும் இது நடக்கிறது. உங்களுக்கும் எனக்கும் நடக்கிறது.

அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வரப்பு உடைவதைத் தெரியும். ஒருவர் பார்த்துச் சத்தம் போடுவார். ஒருவர் ஓடிவந்து இருபுறமும் தண்ணீரை அடைப்பார். ஒருவர் கெட்டுப்போன மண்ணை வெட்டி எறிவார். ஒருவர் புது மண் போட்டு மிதிப்பார். செல்லுக்குள்ளும் அதுதான். ஒட்டிப்போன இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு புரதம், இழைகளைப் பிரித்துப் பிடிக்க ஒன்று, முன்னும் பின்னும் வெட்ட இரண்டு, புதிதாக எழுத ஒன்று. பழுதுபட்ட எழுத்துகளோடு ஏறக்குறைய முப்பது எழுத்துகள் நீளமுள்ள துண்டு வெட்டி எறியப்பட்டு, எதிர் இழையைப் பார்த்து அந்த இடம் மறுபடி சரியாக எழுதப்படுகிறது. இந்த வேலையை விளங்கச் செய்தவர்களில் ஒருவரான அஸீஸ் சாஞ்சார் 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றவர்களில் ஒருவர்.

எக்ஸ்.பி. பிள்ளைகளுக்கு இந்தக் கூட்டத்தில் யாராவது ஒரு வேலையாள் பிறவியிலேயே இல்லை. ஏ முதல் ஜி வரை பெயரிட்ட ஏழு மரபணுக்களில் ஒன்று கெட்டிருக்கும். எட்டாவதாக வேறொரு வகையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம். ஒருவர் இல்லையென்றாலும் உடைப்பு அடைபடாது. ஒட்டிப்போன எழுத்துகள் அப்படியே கிடக்கும். அந்தச் செல் பிரிந்து இரண்டாகும்போது நிருபத்தைப் பிரதி எடுக்கவேண்டுமே, அங்கேதான் பிழை விழுகிறது. ஒட்டிக்கொண்ட இரண்டு சி-க்களைச் செல் டி என்று தவறாக வாசித்துப் பிரதி எடுக்கிறது. சி சி என்று இருந்த இடத்தில் டி டி என்று வந்துவிடும். அதன்பின் அந்தப் பிழை நிரந்தரம். எந்தப் பழுதுபார்ப்பும் அதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் எழுத்துகள் இப்போது ஒட்டியிருக்கவில்லை. வார்த்தைதான் மாறியிருக்கிறது.

காவற்காரனை வெட்டினால்

நிருபம் மிக நீளமானது. பிழைகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத இடங்களில் விழுகின்றன. ஆனால் சில இடங்கள் உண்டு. அங்கே ஒரே ஒரு பிழை விழுந்தாலும் ஆபத்து. அவற்றில் முக்கியமானது பதினேழாவது குரோமோசோமில் இருக்கிற பி-53 என்ற மரபணு. 1979-ல் கண்டறியப்பட்டபோது அதுவே புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நினைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை நேர்மாறானது என்று தெரிந்தது. அது கட்டிகளை அடக்கி வைக்கும் மரபணு. அது கெட்டுப்போவதால்தான் புற்றுநோய். டேவிட் லேன் என்ற ஆராய்ச்சியாளர் 1992-ல் அதற்கு ‘மரபணுத் தொகுதியின் காவலன்’ என்று பெயர் வைத்தார்.

இந்தக் காவற்காரன் செய்வது என்ன? செல்லில் பழுது அதிகமாகிவிட்டது என்று தெரிந்தால், பழுது தீரும்வரை பிரிய வேண்டாம் என்று நிறுத்தி வைக்கிறான். பழுது தீராத அளவுக்கு மிஞ்சிவிட்டால் அந்தச் செல்லை மரிக்கச் செய்கிறான். கடும் வெயிலில் அலைந்தபின் இரண்டொரு நாளில் தோல் உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி உரிவதில் பி-53-இன் கை உண்டு. கெட்டுப்போன செல்களை அது உதிர்த்துவிடுகிறது. தோல் உரிகிறதே என்று வருத்தப்படுகிறோம். உரிவதும் ஒரு பாதுகாப்புத்தான்.

அந்தக் காவற்காரன்மேலேயே வெயிலின் பிழை விழுந்தால்? 1991-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் பிராஷ் குழுவினர், சாதாரண நோயாளிகளின் செதிள் செல் தோல் புற்றுநோய்க் கட்டிகள் 24-ஐ ஆராய்ந்தார்கள். 14 கட்டிகளில் பி-53 கெட்டிருந்தது. சி சி என்பது டி டி ஆக மாறிய அடையாளமும் இருந்தது. அதுவரை வெயிலால் தோல் புற்றுநோய் வருகிறது என்பது கணக்குப் போட்டுச் சொன்ன அனுமானம். இப்போது குற்றவாளியின் கைரேகையே கிடைத்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1993-ல், பிரான்சு நாட்டின் வீல்ஜுயிஃப் நகரில் ஆலன் சராசன், லீலா டயா-குரோஜான் ஆகியோரின் குழு அதே கேள்வியை எக்ஸ்.பி. நோயாளிகளிடம் கேட்டது. 43 கட்டிகளைச் சோதித்தார்கள். 17-ல், அதாவது நூற்றுக்கு 40-ல், பி-53 மரபணுவில் பிழை இருந்தது. அந்தப் பிழைகள் எல்லாமே, ஒன்றுகூடத் தப்பாமல், கதிர் ஒட்டவைக்கக்கூடிய இரட்டை எழுத்துகளின் இடத்தில்தான் விழுந்திருந்தன. அவற்றில் நூற்றுக்கு 61 பங்கு, சி சி இரண்டும் சேர்ந்தே டி டி ஆன பிழை. சரீரத்தின் உள்ளே, வெயில் எட்டாத உறுப்புகளில் வருகிற கட்டிகளில் இந்த இரட்டைப் பிழை காணப்படுவதில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு நுட்பமும் வெளிப்பட்டது. நிருபத்தின் இரண்டு இழைகளில், செல் அன்றாடம் வாசித்து வேலை வாங்குகிற இழை ஒன்று. சும்மா துணை நிற்கிற இழை மற்றொன்று. இரண்டைத் தவிர மற்றப் பிழைகள் எல்லாம் துணை இழையில் விடப்பட்ட பழுதுகளிலிருந்து வந்தவை. வாசிக்கிற இழையைச் செல் முந்திச் சரிசெய்கிறது என்று இதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். வீடு ஒழுகினால் நாம் முதலில் படுக்கிற அறையின் கூரையைத்தானே மாற்றுவோம். அதுவரை சோதனைக்கூடத் தட்டுகளில் மட்டும் கண்டதை, நோயுற்ற மனிதரின் தோலிலேயே கண்டார்கள்.

வெயில் இரண்டு முறை அடிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். முதலாவது, ஒரு செல்லின் காவற்காரனைக் கெடுக்கிறது. பிறகு, அடுத்தடுத்த நாட்களில் வெயில் படும்போது, காவற்காரன் உள்ள நல்ல செல்கள் ஒழுங்காக மரித்து உதிர்கின்றன. காவற்காரனை இழந்த செல்லோ மரிக்க மறுக்கிறது. பக்கத்தில் காலியான இடமெல்லாம் அதற்குக் கிடைக்கிறது. 1994-ல் பிராஷ் குழுவினரே இதையும் காட்டினார்கள். ஆகவே, ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதே, இனிமேல் மறைத்து என்ன பயன் என்று ஒரு தகப்பனார் கேட்டால், பயன் உண்டு என்று சொல்லவேண்டும். கெட்ட செல்லுக்கு இடம் கொடுப்பதும் வெயில்தான். அதை நிறுத்தலாம்.

பி-53 மாத்திரமல்ல, பேட்ச்டு என்ற இன்னொரு அடக்கும் மரபணுவும் உண்டு. அடிச்செல் புற்றுநோயில் அது கெடுகிறது. எக்ஸ்.பி. நோயாளிகளில் அங்கும் அதே கைரேகைதான்.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் இதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு வருவது ஏதோ விநோதமான வேறொரு புற்றுநோய் அல்ல. மற்றவர்களுக்கு முதுமையில் வருகிற அதே தோல் புற்றுநோய், அதே மரபணுவில், அதே பிழையோடு வருகிறது. காலம்தான் வேறு. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1971 முதல் 2009 வரை 106 எக்ஸ்.பி. நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் முதன்முதல் வந்த வயது, நடுவாக, 9. அந்நாட்டுப் பொதுமக்களுக்கு அது 67. இருபது வயதுக்குட்பட்ட எக்ஸ்.பி. நோயாளிக்கு அந்தப் புற்றுநோயின் ஆபத்து மற்றவர்களைவிடப் பத்தாயிரம் மடங்கு. மெலனோமாவின் ஆபத்து இரண்டாயிரம் மடங்கு. நரம்புப் பாதிப்பு உள்ளவர்கள் நடுவாக 29 வயதிலும், இல்லாதவர்கள் 37 வயதிலும் மரித்தார்கள். மனதைக் கலங்கச் செய்யும் எண்கள்தான்; மறைத்து எழுத விரும்பவில்லை. ஆனால் அந்த 106 பேரில் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தோல் புற்றுநோய் வரவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. வெயில் எழுதாமல் பிழை விழாது. எழுதவிடாமல் தடுக்கலாம்.

யார் செய்த பாவம்?

இப்படிப்பட்ட பிள்ளையைக் கண்டால் கிராமத்தில் முதலில் எழும் கேள்வி இது. சபைகளிலும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் தாயின்மேல்தான் பழி விழுகிறது. கிரகண நேரத்தில் வெளியே போனாள், எதையோ தின்றாள் என்று. எவரும் செய்த பாவமும் அல்ல, சாபமும் அல்ல. ஒவ்வொரு மரபணுவும் நமக்கு இரண்டு பிரதிகளாக இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று கெட்டு ஒன்று நல்லதாயிருந்தால் வியாதி இல்லை, அவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் மணம் செய்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு கெட்ட பிரதிகளும் ஒரே பிள்ளைக்கு வந்து சேரும். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, ஆகையால் அடுத்த மூவருக்கு வராது என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு முறையும் சீட்டுப் புதிதாகத்தான் போடப்படுகிறது.

அரிதான ஒரே பிழையை இருவரும் சுமந்திருப்பது அந்நியருக்குள் அபூர்வம். சொந்தத்துக்குள் அப்படியல்ல. ஒரே பாட்டனாரிடமிருந்து இருவருக்கும் வந்திருக்கலாம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று மணம் முடிக்கும் வழக்கம் இந்தியாவிலேயே அதிகமுள்ள மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. நமது கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல என்பது போதகர்களுக்குத் தெரியும். சொந்தத்தில் மணம் செய்த எல்லாருக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்த வேண்டாம். பெரும்பாலோருக்குச் சுகமான பிள்ளைகளே பிறக்கின்றன. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு இந்த வியாதி கண்டால், அந்த வீட்டில் அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபணு ஆலோசனை பெறும்படி அன்பாக எடுத்துச் சொல்வது நம் கடமை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. கர்ப்பத்திலேயே கண்டறியவும் இன்று சோதனைகள் உண்டு.

நிழல் போதாது

உப்பளத்துக்கு வருவோம். தாய் அளத்தில் இறங்குமுன் கைக்குழந்தையை வரப்போரம் ஒரு கீற்று நிழலில், அல்லது சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போகிறாள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைக்கு அது போதும். எக்ஸ்.பி. பிள்ளைக்குப் போதாது. புற ஊதாக் கதிர் வானம் முழுவதிலுமிருந்து சிதறி வருகிறது, வெள்ளைத் தரையிலிருந்து திரும்பி வருகிறது, மேகத்தையும் பெரும்பாலும் ஊடுருவுகிறது. ஜன்னல் கண்ணாடி ஒரு வகைக் கதிரைத் தடுத்தாலும் மற்றொரு வகையை உள்ளே விடுகிறது. பழைய குழல் விளக்குகளும் ஹாலோஜன் விளக்குகளும் கொஞ்சம் உமிழ்கின்றன; எல்.இ.டி. விளக்கு நல்லது.

ஆகவே நெருக்கமாய் நெய்த துணியில் முழுக்கைச் சட்டை, முழுக்கால்சட்டை, கையுறை, கழுத்தை மூடும் அகன்ற தொப்பி, பக்கங்களையும் மறைக்கிற கண்ணாடி, வெயில் படும் இடமெங்கும் இரண்டு மணிக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் களிம்பு. வீட்டு ஜன்னலுக்கும் வகுப்பறை ஜன்னலுக்கும் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டலாம். அதற்கு வழியில்லையென்றால் கனமான திரை. ஹூஸ்டன் நகர எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் ஆனந்தசுவாமி என்பவரும் குழுவினரும் 1997-ல் எலிகளில் சோதித்தபோது, சன்ஸ்கிரீன் தடவிய தோலில் பி-53 பிழைகள் மிகவும் குறைந்தன. களிம்பு வெறும் அழகுசாதனம் அல்ல என்று மூதாட்டிகளுக்குச் சொல்ல இது உதவும். வெயில் படாததால் வைட்டமின் டி குறையும்; அதை மாத்திரையாகக் கொடுக்கவேண்டும். வீட்டில் எவரும் பீடி, சிகரெட் புகைக்கக் கூடாது.

சொல்வது எளிது. நாற்பது பாகை வெயிலில், மின்விசிறி நின்றுபோன கூரை வீட்டில், நான்கு வயதுப் பிள்ளைக்குக் கையுறை போட்டுவிட்டுப் பாருங்கள்! பெற்றோர் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் களிம்புக்கே மாதந்தோறும் ஒரு செலவு. இங்கே அயலகத்தாரின் உதவி தேவைப்படுகிறது. ஆசிரியர் அந்தப் பிள்ளையை ஜன்னலுக்கு அப்பால் உட்காரவைக்கலாம். வகுப்புப் பிள்ளைகளிடம் இது ஒட்டிக்கொள்ளாது என்று சொல்லலாம். ஞாயிறு பள்ளியையும் விடுமுறை வேதாகமப் பள்ளியையும் மாலை இருட்டியபின் வைத்தால் அந்தப் பிள்ளையும் வந்து விளையாடலாம். பிரான்சில் இவர்களை ‘நிலவின் பிள்ளைகள்’ என்று அழைக்கிறார்கள். அமெரிக்காவில் இவர்களுக்காக இரவில் மட்டும் நடக்கும் முகாம்களையே ஏற்படுத்தினார்கள்.

பிள்ளையின் தோலை மாதம் ஒருமுறை நல்ல விளக்கு வெளிச்சத்தில் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை தாய் பார்க்கவேண்டும்; உதடு, நாவின் நுனி, இமை இவற்றையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும். பயறளவு முடிச்சாக இருக்கும்போது மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிஷங்களில் எடுத்துவிடலாம். பெரிதான பின் வந்தால் மூக்கையோ கண்ணையோ இழக்க நேரிடும். புதிய கட்டிகள் எழும்பாதபடி தடுக்க ஐசோட்ரெடினாயின் மாத்திரை உதவுகிறது என்று 1988-ல் காட்டப்பட்டது. பக்கவிளைவுகள் அதிகம் என்பதால் எல்லாருக்கும் கொடுப்பதில்லை. பழுதுபார்க்கும் ஒரு நொதியையே களிம்பில் கலந்து தடவிப் பார்த்த சோதனையும் 2001-ல் வெளியானது. எடுக்கமுடியாத கட்டிகளுக்கு, சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புது மருந்துகள் அண்மை ஆண்டுகளில் சில நோயாளிகளுக்கு ஆச்சரியமான பலன் தந்திருக்கின்றன. விலையோ ஏழைகளுக்கு எட்டாது. கெட்டுப்போன மரபணுவை மாற்றும் சிகிச்சை இன்னும் வரவில்லை.

பிரேசில் நாட்டில் கோயாஸ் மாநிலத்தில் அராராஸ் என்றொரு சிற்றூர் உண்டு. வெயிலில் பயிர் செய்து பிழைக்கும் ஏறக்குறைய 800 பேர். அவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு எக்ஸ்.பி. இருந்தது. முன்பு சொன்ன எட்டாவது வகை அது. இவர்களுக்குப் பழுதுபார்க்கும் கூட்டம் சரியாக இருக்கிறது. ஒட்டிப்போன எழுத்துகளைத் தாண்டிப் பிழையின்றிப் பிரதி எடுக்கிற ஒரு நொதிதான் இல்லை. அந்த நொதி எதுவென்று 1999-ல் கண்டுபிடிக்கப்பட்டது. குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளே மணம் செய்துவந்ததால் ஊரில் இத்தனை பேருக்கு வந்தது. முகத்தில் பாதியை இழக்கும்வரை பலருக்குத் தங்கள் வியாதியின் பெயரே தெரியாது. பின்பு சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தார் வந்து சோதித்துக் காரணத்தைச் சொன்னார்கள். அதற்குள் அந்த ஊரின் பெரியவர்களுக்கு முதுமையாகிவிட்டது. ஆனால் அங்கே இனிப் பிறக்கும் பிள்ளைக்குப் பிறந்தவுடனே தெரிந்துவிடும்.

ஆகையால், உங்கள் சபையிலோ தெருவிலோ இரண்டு மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முகத்திலும் கையிலும் மட்டும் கரும்புள்ளிகள் அடர்ந்திருந்து, வெளிச்சத்துக்குக் கண்ணை மூடுமானால், பெற்றோரிடம் தனியே பேசுங்கள். புதுச்சேரி ஜிப்மரிலோ, வேலூரிலோ, அருகிலுள்ள எந்த மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவிலோ காட்டலாம். வழிச்செலவுக்கு ஏதாவது கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கூலி போகும் நாள் அது. தம்பி தங்கைகளையும் கூடக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பிள்ளையை நன்றாகப் போர்த்தி, விடியுமுன் புறப்படும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, திரும்பும்போது பொழுது சாய்ந்தபின் புறப்படும்படி சொல்லுங்கள்.